கண்ணும் ஒளியும்: அறிஞர் இப்னுல் ஹைதம் வாழ்வு

மாணவர் ஒருவர் கல்லூரி நூலகத்தின் உட்கூடத்திலிருந்து வெயில் காயும் முற்றத்திற்கு வருகின்றார். அவர் கையிலுள்ள கைப்பேசியின் திரை, எவரும் தொடாமலே, ஒளி மிகுந்து நிற்கின்றது. மீண்டும் அவர் நிழலுக்குள் புகுந்தால், சிறிது தயங்கிப் பின் ஒளி குன்றுகின்றது. திரையின் மேல்விளிம்பில், கண்ணாடிக்கு அடியில், கடுகளவே இடம் பிடித்திருக்கும் ஒளியுணரி என்னும் சிறு பொறியின் வேலை இது. சுற்றிலும் எவ்வளவு ஒளி உள்ளது என்பதை அப்பொறி அளக்கின்றது. அளந்ததைக் கொண்டு திரை தன்னைத் திருத்திக்கொள்கின்றது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்செய்திக்குள் ஓர் இடர்ப்பாடு மறைந்திருக்கின்றது. ஒளி எவ்வளவு என்று கேட்டால், யாருக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கின்றது. பொறிக்குப் புலப்படும் ஒளி வேறு. மனிதக் கண்ணுக்குப் புலப்படும் ஒளி வேறு. பொறி தன் கணக்கை விட்டுக் கண்ணின் கணக்கைக் கற்றுக்கொண்டாலன்றித் திரை நமக்கு உதவாது.

ஒளியையும் கண்ணையும் இவ்வாறு ஒருங்கே வைத்து ஆராய்ந்தவர்களுள் முன்வரிசையில் நிறுத்தத்தக்கவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ அலீ அல்-ஹசன் இப்னுல் ஹசன் இப்னுல் ஹைதம். அல்-ஹசன் என்னும் அவரது இயற்பெயரை மேலைநாட்டார் தம் நாவிற்கேற்ப அல்ஹாசென் எனத் திரித்து வழங்கினர். அப்பெருமகனாரின் வாழ்வை மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர் ஹிஜ்ரி 354 ஆம் ஆண்டளவில், அஃதாவது கி.பி. 965 ஐ ஒட்டி, ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தார். பஸ்ரா அக்காலத்தில் வணிகத்தால் மட்டுமன்றி வாதத்தாலும் புகழ்பெற்ற ஊர். இலக்கண அறிஞரும் சமயவியல் அறிஞரும் தத்தம் கட்சியை நிலைநாட்டச் சொற்போர் நிகழ்த்திய களம் அது. தூய உள்ளத்தோர் என்று தம்மை அழைத்துக்கொண்ட மெய்யியலாளர் குழுவொன்றும் அந்நூற்றாண்டில் அங்கே இயங்கியது. இத்தகைய ஊரில் வளர்ந்த இளைஞர் பல கட்சியாரின் கூற்றுகளையும் கேட்டு, எதிலும் நிறைவு காணாமல், காரணம் காட்டி மெய்ப்பிக்கத்தக்க கல்வியை நாடினார் என்று ஒரு தன்வரலாற்றுக் குறிப்பு கூறுகின்றது. அக்குறிப்பை நமக்குக் காத்துத் தந்தவர் 13 ஆம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ. ஆயினும் அதனை எழுதியவர் இதே பெயர்ச்சாயல் கொண்ட மற்றோர் அறிஞர் என்று கருதும் ஆய்வாளரும் உளர். ஆதலின் அவரது இளமை பற்றி அளந்தே பேசவேண்டியவர்களாக இருக்கின்றோம்.

அவரை வரலாற்றில் பெயர்பெறச் செய்த நிகழ்ச்சி நைல் ஆற்றோடு தொடர்புடையது. இதனை விரித்துரைப்பவர் 1248 இல் மறைந்த இப்னுல் கிஃப்தீ. எகிப்தின் வாழ்வு முழுவதும் நைலின் ஆண்டு வெள்ளத்தைச் சார்ந்திருந்தது. வெள்ளம் குறைந்தால் பஞ்சம்; மிகுந்தால் அழிவு. நீர்மட்டத்தை அளப்பதற்கென்றே ரவ்தா தீவில் 861 இல் அளவைத் தூணொன்று நிறுவப்பட்டிருந்தது. அத்தூண் காட்டும் அளவையொட்டியே நாட்டின் வரி வருவாய் அமைந்தது. இந்நிலையில், தாம் எகிப்தில் இருந்தால் ஆறு பெருகினும் குறையினும் பயன்படுமாறு நைலைக் கட்டுப்படுத்த இயலும் என்று இப்னுல் ஹைதம் கூறினாராம். அச்சொல் காஹிராவில் ஆட்சி செய்த பாத்திமிய கலீபா அல்-ஹாக்கிம் பி அம்ரில்லாஹ்வின் செவிக்கு எட்டியது.

அல்-ஹாக்கிம் 996 முதல் 1021 வரை ஆண்டவர். பதினோரு வயதில் அரியணை ஏறியவர். 1005 இல் தாருல் இல்ம் என்னும் அறிவகத்தை நிறுவி நூல்களையும் அறிஞர்களையும் திரட்டியவரும் அவரே. கணிக்க இயலாத சினத்தால் அமைச்சர் பலரைக் கொல்வித்தவரும் அவரே. அவர் பஸ்ரா அறிஞருக்குப் பொருள் அனுப்பி அழைத்தார். நகருக்கு வெளியே தாமே சென்று எதிர்கொண்டு வரவேற்றார் என்கிறார் இப்னுல் கிஃப்தீ. அரசன் ஒருவன் அறிஞனை எதிர்கொள்வது பெருமைக்குரியதுதான். ஆனால் அவ்வரவேற்பின் விலை என்ன என்பதை விருந்தினர் விரைவில் உணர்ந்திருப்பார்.

பணியாளர் குழுவுடன் அவர் நைலின் கரைவழியே தெற்கு நோக்கிச் சென்றார். செல்லும் வழியெல்லாம் பண்டை எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்கள் நின்றன. அவற்றின் அளவும் வடிவும் கணக்கும் அவரைத் திகைக்கச் செய்தன. இவ்வளவு வடிவியல் அறிந்தோர் வாழ்ந்த நாட்டில், நைலை அடக்குதல் இயலக்கூடியதாயின் அவர்களே அதனைச் செய்திருப்பர் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அஸ்வானுக்குத் தெற்கேயுள்ள ஜனாதில் என்னும் பாறை வீழ்வுகளை அடைந்து நேரில் ஆராய்ந்தபோது, தம் திட்டம் நிறைவேறாது என்பது உறுதியாயிற்று. அஸ்வானில் முதல் அணை 1902 இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. பேரணை 1970 இல் முற்றுப்பெற்றது என்பதை எண்ணினால், அவர் நின்ற இடம் தவறானதன்று, காலமே முந்தியது என்பது விளங்கும்.

பணத்தையும் ஆட்களையும் பெற்றுக்கொண்டு சென்றவர், உயிருக்கு உறுதியில்லாத அரசவைக்குத் திரும்பி, தம்மால் இயலாது என்று கூறினார். மாணவர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஒரு மண்மேட்டை எழுப்பிவிட்டு, இன்னும் பத்தாண்டுகள் வேண்டும் என்று காலம் கடத்தும் வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அவ்வழியை அவர் தேர்ந்தாரல்லர்.

கலீபா வெளிப்படையாகச் சினக்கவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் பதவி கொடுத்தார். அச்சத்தாலேயே அதனை ஏற்ற இப்னுல் ஹைதம், அப்பதவியிலும் உயிர் தப்பாது என்று கண்டு, பித்துப்பிடித்தவராக நடிக்கத் தொடங்கினார். அவரது உடைமைகள் பறிமுதலாயின. அவர் வீட்டிலேயே அடைக்கப்பட்டார். 1021 இல் ஓரிரவு முகத்தம் குன்றுகளின் பக்கம் சென்ற அல்-ஹாக்கிம் திரும்பவில்லை. அவர் மறைவு உறுதியானபின்தான் இப்னுல் ஹைதத்தின் பித்தம் தெளிந்தது.

இதே பித்து நாடகம் பஸ்ராவிலேயே, அரசு அலுவலிலிருந்து விடுபட்டு ஆய்வில் ஈடுபடும் பொருட்டு, நடந்தது என்று இப்னு அபீ உஸைபிஆ வேறொருவர் வாய்க்கேட்டு எழுதுகின்றார். எது மெய் எனத் துணிய இயலவில்லை. சிறைப்பட்ட வீட்டின் இருளில், சாளரத் துளை வழியே விழுந்த ஒளியைக் கண்டே அவர் ஒளியியலைப் படைத்தார் என்று மேடைகளில் சொல்லப்படும் கதையோ மேலும் வலுவற்றது. அவருடைய பெருநூல் 1028 க்கும் 1038 க்கும் இடையில், விடுதலைக்குப் பின்னரே எழுதப்பட்டது என்பது அந்நூலை ஆழ்ந்து பயின்ற பேராசிரியர் அப்துல் ஹமீத் ஸப்ராவின் முடிவு. கதையை இழப்பது நமக்கு வருத்தந்தான். ஆனால் முதியவரான அறிஞர், கட்டாயம் ஏதுமின்றித் தாமே விரும்பி எழுதிய நூல் என்பது அதனினும் பெருமைக்குரியது.

அந்நூலே கிதாபுல் மனாளிர் என்னும் ஏழு பகுதிகள் கொண்ட ஒளியியல் நூல்.

அதற்கு முன் காட்சியைப் பற்றி இருபெரும் கட்சிகள் இருந்தன. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகின்றது என்றனர் யூக்ளிடும் தாலமியும். பொருளின் வடிவமே கண்ணுக்குள் வந்து சேர்கின்றது என்றனர் அரிஸ்டாட்டிலின் வழியினர். முன்னவரிடம் வடிவியல் இருந்தது. பின்னவரிடம் இயற்கை விளக்கம் இருந்தது. நம் நாட்டு நியாய நூலாரும் கண்ணிலிருந்து கதிர் செல்வதாகவே கொண்டனர். தமிழ் வழக்கிலும் அக்கொள்கையின் தடம் உண்டு. பார்வையை வீசினான் என்கின்றோம். கண்ணொளி மங்கிற்று என்கின்றோம். சொல்லில் இன்னும் கதிர் கண்ணிலிருந்தே புறப்படுகின்றது!

இப்னுல் ஹைதம் எடுத்த எடுப்பிலேயே எக்கட்சியையும் சாரவில்லை. கண்ணுக்கு என்ன நேர்கின்றது என்று மட்டும் நோக்கினார். கதிரவனை நேரே நோக்கினால் கண் வலிக்கின்றது. வெயில் படும் வெண்பொருளை நெடுநேரம் பார்த்துவிட்டு இருளிடத்தை நோக்கினால், சற்று நேரம் எதுவும் தெரிவதில்லை. வெயில் பாயும் செழித்த தோட்டத்தைக் கண்டபின் இருளில் பார்த்தால், அப்பசுமையே கண்முன் நிற்கின்றது. ஆகவே ஒளி கண்ணின்மேல் ஏதோ ஒன்றைச் செய்கின்றது. அது வெளியிலிருந்து வருகின்றது. கண்ணிலிருந்து கதிர் செல்வதாகக் கொண்டாலும், அது பொருளின் செய்தியை மீண்டும் கண்ணுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அப்படியாயின் அக்கதிர் எதற்கு என்று கேட்டு அதனை ஒதுக்கினார். ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நேர்க்கோட்டில் ஒளி பரவுகின்றது என்பது அவர் நிறுவிய அடிப்படை. வடிவியலாரின் கோடுகளை அவர் வைத்துக்கொண்டார். அவற்றின் திசையை மட்டும் திருப்பிவிட்டார்.

இஃதிபார் என்று அவர் பெயரிட்ட சோதனைமுறை நூல் முழுவதும் ஊடுருவி நிற்கின்றது. நேரான குழாயின் வழியே பொருளைப் பார்க்கச் செய்து, குழாயின் வாயில் ஒரு பகுதியை மறைத்தால் பொருளில் அதற்கு நேரான பகுதியே மறைவதைக் காட்டினார். இருளறை ஒன்றின் துளைக்கு முன்னே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளித்திட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு எதிரான திட்டு மட்டும் மறைந்தது, திறந்தால் மீண்டது. அத்தனை ஒளிகளும் ஒரே துளையில் புகுந்தும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

நம் விழா மேடைகளில் இதனைக் கொண்டு நிழற்படக் கருவியைக் கண்டுபிடித்தவர் இவரே என்று முழங்குவோர் உண்டு. துளைவழி உருத் தோன்றுதலை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே சீனத்து மோசி மரபினரும் கிரேக்கத்து அரிஸ்டாட்டில் மரபினரும் குறித்திருக்கின்றனர். இவர் செய்தது அதனை மெய்ப்பிப்புக் கருவியாக்கியது. பகுதிக் கிரகணத்தின்போது பிறைவடிவம் எவ்வளவு சிறிய துளையில் தெளிவாகும் என்பதைக் கணக்கிட்டுக் கிரகணத்தின் வடிவம் பற்றித் தனிநூல் எழுதியது. உள்ளதைச் சொன்னாலே போதுமான பெருமை உடையவருக்கு இல்லாததைச் சேர்ப்பது அவரையே ஐயத்திற்கு உள்ளாக்கும்.

இனி, நாம் தொடங்கிய சிறு பொறிக்கு மிக அணித்தான பகுதிக்கு வருவோம். ஒளியின் மிகுதியும் குறைவும் கண்ணின் காட்சியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை முதற்பகுதியில் அவர் தொகுத்துள்ளார். பகலில் விண்மீன்கள் தெரிவதில்லை. அவை இல்லாமற்போகவில்லை, வலிய ஒளி மெலிய ஒளியை மறைக்கின்றது. இருளில் தீப்போல் ஒளிரும் மின்மினி, பகலில் ஒளியற்ற சிறு பூச்சியாகத் தெரிகின்றது. நுண்ணிய செதுக்கல்கள் மங்கிய இடத்தில் புலப்படா. நல்ல ஒளியில் புலப்படும். பளபளப்பான பரப்பில் கடும் ஒளி பட்டு மீண்டால் மறுபடியும் புலப்படா. இரவில் தீயைக் கண்முன் வைத்துக்கொண்டு அப்பால் உள்ள மங்கிய பொருளை நோக்கினால் தெரியாது. தீயைக் கண்ணுக்கு மறைத்தால் தெரியும். மயில் தோகையும் அபூகலமூன் என்னும் நிறம் மாறும் துணியும் ஒளிக்கேற்ப வேறு வேறு நிறம் காட்டும். இவையனைத்தும் நாள்தோறும் எல்லோரும் கண்டவையே. கண் காண்பது சுற்றியுள்ள ஒளியோடு ஒப்பிட்டே என்னும் ஒரே செய்தியை இவற்றிலிருந்து திரட்டியதில்தான் அவர் ஆற்றல் விளங்குகின்றது.

கைப்பேசித் திரைக்கு நேரும் இடரும் இதுவே. திரை ஒரு மின்மினி. வெயிலில் அது அணைந்ததுபோல் தோன்றும். இருளில் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே சுற்றுமுள்ள ஒளியை அறிந்து அதற்குத் தக்கபடி ஒளிரவேண்டும். அவ்வொளியை அறிவிக்கும் உணரி பெரும்பாலும் சிலிக்கனால் ஆனது. சிலிக்கன் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள கதிர்களை உணரும். கண்ணுக்குத் தோன்றாத அகச்சிவப்புப் பகுதியில்தான் அதன் உணர்வு மிகக் கூர்மை. மனிதக் கண்ணோ ஏறத்தாழ 380 முதல் 780 வரைதான் காணும். பகலொளியில் 555 நானோமீட்டர் அளவிலுள்ள மஞ்சள் சார்ந்த பச்சையே அதற்கு மிகப் பிரகாசம். அந்த 555 இல் ஒரு வாட் ஒளியாற்றல் 683 லூமன் வெளிச்சமாகக் கணக்கிடப்படும்; அகச்சிவப்பில் அதே ஒரு வாட், கண்ணின் கணக்கில் சுழி.

இவ்வேறுபாட்டால் விளையும் பிழை சிறிதன்று. பழைய குண்டு விளக்கு தன் ஆற்றலின் பெரும்பகுதியை அகச்சிவப்பாகவும் வெப்பமாகவும் வெளியிடுகின்றது, எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு. இரண்டு அறைகளும் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாக இருப்பினும், திருத்தப்படாத சிலிக்கன் உணரி குண்டு விளக்கு எரியும் அறையைப் பன்மடங்கு வெளிச்சமுள்ளதாக அறிவித்துவிடும். திரை காரணமின்றிக் கண்ணைக் கூசச் செய்யும். இதனைத் தவிர்க்க இருவழிகள் பெருவழக்கு. ஒன்று, அகச்சிவப்பைத் தடுத்துப் பச்சையை மிகுதியாக விடும் மெல்லிய அடுக்குகளாலான வடிகட்டியை உணரியின்மேல் பூசுதல். மற்றொன்று, இரண்டு உணரிகளை அருகருகே வைத்து, ஒன்று காணும் ஒளியையும் அகச்சிவப்பையும் சேர்த்து அளக்க, மற்றொன்று அகச்சிவப்பை மட்டும் அளக்க, இரண்டாவதைத் தக்க விகிதத்தில் முதலாவதிலிருந்து கழித்தல்.

முன்பு நிழற்படக் கருவிகளின் ஒளிமானியிலும் தெருவிளக்குகளிலும் பயன்பட்ட காட்மியம் சல்பைடு மின்கலம் இயல்பாகவே கண்ணை ஒத்த உணர்வுடையது. ஆனால் காட்மியம் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் அதற்குக் கடும் வரம்பு விதித்ததும் அது ஒதுங்கி, சிலிக்கனுக்குக் கண்ணின் இயல்பைக் கற்பிக்கும் வேலை மேலும் முதன்மை பெற்றது.

கண்ணின் இயல்பு என்று எதனைக் கொள்வது? மனிதர் பலரைக் கொண்டு வெவ்வேறு நிறங்களின் பிரகாசத்தை ஒப்பிடச் செய்து, கிடைத்த முடிவுகளிலிருந்து ஒரு பொது வளைகோட்டைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1924 இல் ஏற்றுக்கொண்டது. உலகிலுள்ள ஒளியளவிகள் பெரும்பாலும் அக்கோட்டையே உரைகல்லாகக் கொள்கின்றன. அது பகற்கண்ணின் கோடு. இரவில் கண் வேறு உறுப்புகளைக் கொண்டு காண்பதால் அதன் உச்சி 507 நானோமீட்டர் அளவுக்கு, நீலத்தை நோக்கி, நகர்ந்துவிடுகின்றது.

நிறத்தோடு கணக்கு முடிவதில்லை. முழுநிலவில் தரைமேல் கால் லக்ஸ் வெளிச்சமும் இராது. அலுவலக மேசைமேல் 300 முதல் 500 வரை. நண்பகல் வெயிலில் ஒரு லட்சம். இத்தனை பெரிய இடைவெளியையும் கண் மடங்கு கணக்கிலேயே உணர்கின்றது. நூறு இருநூறாவதும், ஆயிரம் இரண்டாயிரமாவதும் அதற்கு ஏறத்தாழ ஒத்த ஏற்றமே. திரையும் அவ்வாறே படியேற வேண்டும்; மரநிழல்களின் ஊடே நடப்பவர் கையில் ஒவ்வோர் இலைநிழலுக்கும் துடிக்காமல் சற்றுப் பொறுக்கவும் வேண்டும். அண்மைக்காலக் கைப்பேசிகள் சிலவற்றில் உணரியைத் திரைக்கு அடியிலேயே வைக்கின்றனர். அங்கே திரை தானே உமிழும் ஒளி உணரியின் அளவைக் கெடுக்கும். அதனை நீக்கியே வெளியொளியை அளக்க முடியும். கண்முன் எரியும் தீயை மறைத்தால் அப்பாலுள்ளது தெரியும் என்று காஹிராவில் எழுதிய முதியவருக்கு இவ்விடர் எளிதில் விளங்கியிருக்கும்.

இதனால் ஒளியுணரியை அவர் முன்னரே கண்டார் என்று எவரும் எழுதிவிடலாகாது. அவர் காலத்தில் ஒளியை எண்ணால் அளக்கும் முறையே இல்லை. கண்ணின் அமைப்பிலும் அவர் பிழைபட்டார். காலன் முதலிய கிரேக்க மருத்துவரைப் பின்பற்றி, கண்ணின் நடுவேயுள்ள பளிங்குபோன்ற வில்லையே ஒளியை உணரும் உறுப்பு என்று கொண்டார். உரு தலைகீழாக விழுமே என்னும் தயக்கம், கதிர்கள் குறுக்கே வெட்டுமுன்பே அவற்றை வேறு வழியில் திருப்பிவிடும் விளக்கத்திற்கு அவரை இட்டுச் சென்றது. கண்ணின் பின்திரையில் தலைகீழ் உரு விழுகின்றது என்பதை 1604 இல் கெப்ளர் துணிந்து எழுதினார். அக்கெப்ளர் நின்றதும் இப்னுல் ஹைதம் இட்ட அடித்தளத்தின் மேல்தான்.

கண் தனியே காண்பது ஒளியும் நிறமுமே. தொலைவு, அளவு, அழகு முதலிய பிறவெல்லாம் உள்ளம் ஒப்பிட்டும் நினைவுகூர்ந்தும் அறிவன என்பது இரண்டாம் பகுதியில் அவர் விரித்த கருத்து. கண்ணால் அறியத்தக்க பண்புகளை 22 என எண்ணித் தொகுத்துள்ளார். காட்சிக்குக் காலமும் வேண்டும். பல நிறம் தீட்டிய பம்பரம் விரைந்து சுழலும்போது ஒரே நிறமாகத் தோன்றுவது அதனால்தான் என்றார். வளைந்த ஆடியில் ஒளி மீளும் புள்ளியைக் காணும் ஐந்தாம் பகுதிக் கணக்கு அவர் பெயராலேயே மேலை நாடுகளில் வழங்கி, 17 ஆம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் போன்றோரையும் ஈர்த்தது.

விடுதலைக்குப் பிந்திய அவரது வாழ்வு எளியது. அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு குவிமாடக் கட்டடத்தில் தங்கினார். ஆண்டுதோறும் யூக்ளிடின் வடிவியல் நூலையும், தாலமியின் அல்மஜிஸ்தியையும், அவ்விரண்டிற்கும் இடையே பயிலப்படும் நூல்களையும் தம் கையால் படியெடுத்து 150 எகிப்திய தீனாருக்கு விற்று, அதைக் கொண்டே ஓராண்டு வாழ்ந்தார் என்கிறார் இப்னுல் கிஃப்தீ. எந்தத் தாலமியை ஆண்டுதோறும் படியெடுத்தாரோ அந்தத் தாலமியின் முரண்பாடுகளைத் தொகுத்துத் தாலமி பற்றிய ஐயங்கள் என்னும் நூலையும் அவர் இயற்றினார். முன்னோர் நூலைப் பயில்பவன் அதனைப் பகைவன்போல் நின்று ஆராய வேண்டும். தன் அறிவையும் அவ்வாறே ஐயுற வேண்டும் என்பது அந்நூலின் முகப்பில் அவர் வற்புறுத்திய நெறி.

12 ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பைஹகீ மற்றொரு செய்தி தருகின்றார். சிம்னான் பகுதி அமீர் ஒருவர் பாடம் கேட்க வந்தார். திங்கள்தோறும் நூறு தீனார் கட்டணம் என்றார் ஆசிரியர். அமீர் மூன்றாண்டுகள் கொடுத்துப் பயின்றார். விடைபெறும் நாளில் அத்தொகை முழுவதையும் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அமீரின் நாட்டம் மெய்யானதா என்று அறியவே அக்கட்டணம்.

90 க்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் பட்டியலிடப்பட்டுள்ளன. நிலவின் ஒளி, விண்மீன்களின் ஒளி, எரிக்கும் ஆடிகள், வானவில் என அவற்றுட் பல ஒளியைப் பற்றியன. ஹிஜ்ரி 432 ஆம் ஆண்டு, அஃதாவது 1040 அல்லது 1041 எனத் தேதியிட்டு அவர் கைப்பட எழுதிய வடிவியல் ஏடு தம்மிடம் இருந்ததாக இப்னுல் கிஃப்தீ எழுதுகின்றார். ஏறத்தாழ அக்காலத்திலேயே காஹிராவில் அவர் இறையடி சேர்ந்தார்.

அவர் நூல் கிழக்கில் நெடுங்காலம் பெரிதும் பேசப்படவில்லை என்பது வருத்தத்திற்குரிய உண்மை. 14 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதி, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைக் கொண்டு வானவில்லையும் விளக்கினார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அது இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ரோஜர் பேக்கன், விதெலோ முதலியோர் கையை அடைந்திருந்தது. 1572 இல் பாசல் நகரில் ரிஸ்னர் அதனை அச்சிட்டார். முதன்மூன்று பகுதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஸப்ரா 1989 இல் வெளியிட்டார். ஈராக் அரசு 2003 இல் வெளியிட்ட 10,000 தீனார் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2015 ஆம் ஆண்டைப் பன்னாட்டு ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவர் நினைவைப் போற்றியது.

அரபு மூலத்தின் பழைமையான படி ஒன்று இஸ்தான்புல் நூலகத்தில் உள்ளது. ஆசிரியர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 476 ஐ ஒட்டி, அதனை எழுதி முடித்தவர் அஹ்மத் இப்னு முஹம்மத் அல்-அஸ்கரீ. இப்னுல் ஹைதத்தின் மருமகன் என்று அறியப்படும் அவர், காஹிராவில் பிறந்த அந்நூலைப் படியெடுத்த ஊர் பஸ்ரா.